சேலம் – பெங்களூரு ஏர்போர்ட் ஷேர் வண்டி: சீட் போடுமுன் கேட்க வேண்டியவை

வெளிநாடு போகிற சேலத்துக்காரர்கள் பலருக்கும் ஏர்போர்ட் என்றால் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம்தான். ஓமலூரை ஒட்டி கமலாபுரத்தில் நம் ஊருக்கென்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. அங்குள்ள ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர். எழுபது, எண்பது பேர் உட்காரும் ஏடிஆர் ரக விமானம்தான் அதில் வந்து போகும். சென்னைக்கு அவசரமாகப் போக அது போதும். துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்றால் கோவைக்கோ திருச்சிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். மூன்றில் விமானங்கள் அதிகம் பெங்களூரில். அதனால்தான் சாயங்காலமானால் வீடு வீடாகப் பெட்டி ஏற்றி, சீட் கணக்கில் ஆள் சேர்த்து, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி பக்கம் கிளம்பும் ஷேர் வண்டிகளுக்கு இங்கே இவ்வளவு கிராக்கி.

இது எந்த ஒரு டிராவல்ஸைப் பற்றிய மதிப்பீடும் அல்ல. போர்டு மாறும், டிரைவர் மாறுவார். வேலை நடக்கும் விதம் ஒன்றுதான். அந்த விதத்தில் எது நன்றாக இருக்கிறது, எது எங்கே சொதப்புகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தனி ஆளாகவோ இரண்டு பேராகவோ, தலைக்கு ஒரு பெரிய பெட்டியோடு, இரவு விமானத்துக்குப் போகிறவர்களுக்கு ஷேர் வண்டி உருப்படியான ஏற்பாடு. வீட்டு வாசலில் ஏறி டெர்மினல் வாசலில் இறங்கலாம். நடுவில் பெட்டியைத் தூக்கவே வேண்டாம். மூன்று பேருக்கு மேல் குடும்பமாகப் போகிறவர்கள் தனி வண்டி பேசிக்கொள்வது நல்லது. பகல் பன்னிரண்டு, ஒரு மணி விமானத்துக்கு ஷேர் வண்டியை நம்பவே வேண்டாம்.

சேலத்திலிருந்து விமான நிலையம் சுமார் 240 கிலோமீட்டர். இதில் நடுவில் உள்ள 190 கிலோமீட்டர் பெரும்பாலான நாள்களில் சொன்னபடி ஓடிவிடும். ஏமாற்றுவது சேலத்துக்குள் உள்ள முதல் பத்து கிலோமீட்டரும், பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பு தொடங்கி டெர்மினல் வரை உள்ள கடைசி நாற்பதும்தான். டிராவல்ஸ்காரர் சொல்லும் "அஞ்சு மணி நேரத்துல போயிரலாம்ங்க" என்பதில் இந்த இரண்டும் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் பத்தை எடுத்துக்கொள்வோம். "அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும்ங்க" என்று போனில் சொல்வது உங்கள் வாசலுக்கு வரும் நேரம். சேலத்தை விட்டு வண்டி வெளியேறும் நேரம் வேறு. சீலநாயக்கன்பட்டி, தாதகாப்பட்டி பக்கம் முதல் ஆளை ஏற்றி, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை சுற்றி, அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சூரமங்கலம் என்று பொறுக்கிக்கொண்டு குரங்குச்சாவடிக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து நிமிடம் என்று வைத்தாலே ஆறு வீட்டுக்கு அறுபது நிமிடம். சந்துக்குள் வண்டி நுழையாது, பெட்டி மாடியிலிருந்து இறங்க வேண்டும், பாட்டி விபூதி பூசி வழியனுப்ப வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் வீணடிப்பதில்லை. அது அப்படித்தான் ஆகும். நாலு ரோடு, ஐந்து ரோடு வழியாக மாலை ஐந்தரைக்கு மேல் போனால் அதற்குத் தனியாக இருபது நிமிடம்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கருப்பூர் டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டுவீங்க?" எந்தப் பேட்டையில் ஏறினாலும் பெங்களூரு வண்டி கடைசியில் கருப்பூர் வந்துதான் ஆக வேண்டும். அதைத் தாண்டினால் ஓமலூரில் ஒருவர் ஏறலாம், அவ்வளவுதான். அங்கிருந்து கணக்குப் போட்டால் தப்பாது. அந்த நேரத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத டிராவல்ஸ், அன்றைக்கு எத்தனை பேரை எந்த வரிசையில் ஏற்றப் போகிறோம் என்பதையே இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

பிக்-அப் வரிசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் ஏறுகிறவர் ஊரை ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும், ஆனால் நடு வரிசை ஜன்னல் சீட் கிடைக்கும். கடைசியில் ஏறுகிறவருக்கு நேரம் மிச்சம், ஆனால் பின் வரிசைதான். ஏழு சீட் எர்டிகா காரின் மூன்றாவது வரிசையில் ஐந்தரை அடிக்கு மேல் உள்ளவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். அதில் ஐந்து மணி நேரம், அப்புறம் விமானத்தில் எட்டு, பத்து மணி நேரம் என்றால் காலில் வீக்கம் வந்துவிடும். அதனால் புக் செய்யும்போதே எந்த வரிசை என்று பேசி, அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வாசலில் நிற்கும்போது கேட்டால் யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள்.

இனி கடைசி நாற்பது. ஓசூர், அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி இறங்கினால் சில்க் போர்டு. அங்கிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் மாரத்தஹள்ளி, டின் ஃபேக்டரி, ஹெப்பால். அதன் பிறகு ஏர்போர்ட் ரோடு. இரவு இரண்டு மணிக்கு ஒரு மணி நேரத்தில் முடியும் இந்தத் தூரம், காலை எட்டரைக்கும் மாலை ஏழுக்கும் இரண்டரை மணி நேரம் கேட்கும். இரண்டு மணி நேரம் முன்கூட்டிக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் முன்கூட்டிப் போய்ச் சேரலாம் என்று நினைப்பது இந்த வழியில் செல்லாது. நெரிசலுக்குள் போய் விழுந்தால் முன்கூட்டிக் கிளம்பிய நேரத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். அதிகாலை 2:30-க்கு விமானம். பல விமான நிறுவனங்கள் வெளிநாட்டு விமானத்துக்கு 60 முதல் 75 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடும். 75 என்றே வைத்துக்கொண்டால் 1:15. கவுன்டர் வரிசை, இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் சேர்த்து இரவு 11:30-க்கு வாசலில் இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கருப்பூர் தாண்டினால், நடுவில் ஒரு டீயோடு, ஒன்பது மணி வாக்கில் ஓசூர், பத்து மணியை ஒட்டி சில்க் போர்டு. அப்போது ஆபீஸ் கூட்டம் வடிந்திருக்கும். பதினொன்றேகாலுக்குள் டெர்மினல். இதே பயணத்துக்கு மூன்று மணிக்கே கருப்பூரைத் தாண்டினால் சில்க் போர்டில் ஏழு மணிக் கூட்டத்தில் மாட்டி, ஒன்பதுக்கு மேல் போய்ச் சேர்வீர்கள். கவுன்டர் திறந்திருக்காது, உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உள்நாட்டு விமானம் காலை ஆறு மணிக்கு என்றால் இரவு பத்தரை, பதினொரு மணிக்குக் கருப்பூர் தாண்டும் வண்டி பிரமாதம். வழி முழுக்கக் காலி. மோசமானவை அதிகாலை ஐந்து மணி வண்டியும் மதியம் இரண்டு மணி வண்டியும். இரண்டுமே நேராகப் போய் நெரிசலில் நிற்கும்.

சில டிரைவர்கள் நகரத்துக்குள் நுழையாமல் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே சுற்றி விமான நிலையம் போவார்கள். மாலை நெரிசலில் இது நல்ல யோசனை, சிக்னல் கிடையாது. ஆனால் பாதி வழி இருவழிச் சாலை, ஊருக்கு ஊர் வேகத்தடை, பலவற்றுக்கு வெள்ளைக் கோடு கூட இருக்காது. நள்ளிரவுக்கு மேல் ரிங் ரோடே சும்மா கிடக்கும்போது இந்தச் சுற்று தேவையில்லை.

ஷேர் வண்டியில் எல்லாருக்கும் ஒரே விமானம் இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருவருக்கு 1:00, இன்னொருவருக்கு 4:30. வண்டி 1:00-காரருக்காக ஓடினால்தான் நியாயம். 4:30-காரர் நான்கைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவாக ஒரு நேரத்தை வைத்து ஓட்டுகிற டிராவல்ஸும் உண்டு. அங்கேதான் 1:00-காரர் கவுன்டர் மூடிய பிறகு ஓடி வருகிறார். "என் வண்டியில் முதல் விமானம் யாருக்கு, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அது உங்களுடைய விமானம்தான் என்றால், உங்கள் கணக்கில் வண்டி ஓடுகிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டி விஷயத்தில்தான் அதிகம் சண்டை வருகிறது. காரணம் எளிய கணக்கு. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும் எர்டிகாவில் டிக்கி 209 லிட்டர்தான். செக்-இன் பண்ணும் நடுத்தரப் பெட்டி ஒன்று 65, 70 லிட்டர் இருக்கும். பெரியது நூறைத் தொடும். ஆறு பயணிகள் ஆறு பெட்டியோடு வந்தால் டிக்கியில் இரண்டு போகும். மிச்சம் நான்கு கூரை கேரியருக்கு. இன்னோவா கிறிஸ்டாவில் 300 லிட்டர், ஆக மூன்று பெட்டி. அதிலும் சிஎன்ஜி எர்டிகா வந்தால் டிக்கியில் பெரும்பகுதியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும்; கைப்பைகள் வைக்கலாம், பெட்டி நிற்காது. சிஎன்ஜி வண்டி வழியில் கேஸ் பிடிக்க நிற்கும். நிரப்பும்போது எல்லாரும் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். வரிசை இருந்தால் அரை மணி நேரம் அங்கேயே போகும். எனவே சீட் போடுமுன் வண்டி என்ன, டீசலா சிஎன்ஜியா, கேரியர் உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர் என்றால் பெட்டிக் கவலை குறைவு. ஆனால் பிக்-அப் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

கேரியரில் ஏற்றுவதை நின்று பாருங்கள். தார்ப்பாய் அடியில் ஒன்று, மேலே ஒன்று இருக்க வேண்டும். மேலே மட்டும் போட்டால் ஓடும் வேகத்தில் தண்ணீர் கீழிருந்து அடித்து ஏறும். சித்திரை, வைகாசி மாலை மழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இது ஒன்றுதான். பெட்டியைக் குப்புறப் படுக்க வைத்து, இழுக்கும் கைப்பிடியை முழுதாக உள்ளே தள்ளிய பிறகே கயிறு போட வேண்டும். வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கயிறு அதன் மேல் இறுகி, தொப்பூர் வளைவில் பெட்டி அசையும்போது கைப்பிடி வளைந்துவிடும். பிறகு விமான நிலையத்தில் அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கயிறு சக்கரத்தின் மேல் போனாலும் அதே கதை, சக்கரம் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் விரிந்து போகும். வழவழப்பான ஹார்டு பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் வழுக்கும். நடுவில் ஒரு சாக்கு மடித்துப் போட்டால் நகராது. மாம்பழ சீசனில் மல்கோவா அட்டைப்பெட்டியும் கூடவே வரும். அதைக் கேரியரில் போட்டால் மேலே உள்ள பெட்டியின் பாரமும் வெயில் வாங்கிய கூரையின் சூடும் சேர்ந்து பழத்தைக் கூழாக்கிவிடும். மடியிலோ காலடியிலோதான் வைக்க வேண்டும். லேப்டாப், பாஸ்போர்ட், மருந்து இருக்கும் பை எந்தக் காரணத்துக்கும் டிக்கிக்குக்கூடப் போகக் கூடாது.

நடுவில் உள்ள 190 கிலோமீட்டரில் கவனம் வேண்டிய ஓர் இடம் தொப்பூர் கணவாய். சேலத்திலிருந்து போகும்போது ஏற்றம்; பார லாரிகள் இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டு ஊரும், பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், வேறு ஆபத்து குறைவு. எதிர்த் திசையில், தர்மபுரியிலிருந்து இறங்கும் பாதையில், இரட்டைப் பாலத்தருகே பிரேக் சூடேறிய லாரி கட்டுப்பாட்டை இழந்தால் நெடுஞ்சாலையே மணிக்கணக்கில் நின்றுவிடும். அனுபவமுள்ள டிரைவர் ஓமலூரைத் தாண்டுமுன்பே எதிரே வரும் வண்டிக்காரர்களிடமும் போன் குழுவிலும் விசாரித்துவிடுவார். அடைபட்டிருக்கிறது என்று சேலத்திலேயே தெரிந்தால், அயோத்தியாப்பட்டணம் வழியாக மஞ்சவாடிக் கணவாய் ஏறி அரூர் போய், அங்கிருந்து தர்மபுரியையோ ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியையோ பிடிக்கலாம். தூரமும் நேரமும் கூடும், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்த மாற்று வழிக்கென்று உங்கள் கணக்கில் முக்கால் மணி நேரம் சும்மா வைத்திருங்கள்.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி எங்களுக்கு உண்மையான கவலை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குச் சேலத்தில் பிக்-அப் தொடங்கிய அதே டிரைவர், பதினொரு மணிக்கு ஆட்களை இறக்கி, வண்டிக்குள்ளேயே இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, இரண்டு மணிக்கு வந்திறங்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். ஐந்து மணிக்குத் தர்மபுரி. அதாவது தூக்கம் கண்ணை அமுக்கும் நேரத்தில், இந்த வழியிலேயே ஆபத்தான இறக்கம் வருகிறது. பயணிகள் எல்லாரும் அப்போது அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின் பொது விதி நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று இருந்தது. போகவர 480 கிலோமீட்டரை ஒரே ஆள் ஓட்டினால் ஸ்டீரிங் பிடிக்கும் நேரமே பத்து மணியைத் தொடும். போகிற டிரைவரும் வருகிற டிரைவரும் வேறு வேறு ஆளா, அல்லது அவர் அங்கே தங்கித் தூங்கி மறுநாள் வண்டி எடுக்கிறாரா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு டிராவல்ஸ் பாருங்கள். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டால், கிருஷ்ணகிரியிலோ தர்மபுரிக்கு முன்போ டீக்கு நிறுத்தச் சொல்லி, எல்லாரும் இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். தொப்பூர் தாண்டும் வரை முன் சீட்டில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். "அண்ணா, கொஞ்சம் நிறுத்திக்கலாமா" என்று பயணி கேட்டால் டிரைவர் கோபித்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்.

சீட் விலை ஏன் இப்படி ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் வண்டி போகவர 40 லிட்டர் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் என்றால் டீசலுக்கே 3,600 ரூபாய்க்குக் குறையாது. கருப்பூர், தொப்பூர் அருகே பாளையம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், விமான நிலையத்துக்கு முன் சாதஹள்ளி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர் பேட்டா தனி. இவ்வளவையும் ஆறு சீட்டில் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வண்டி நிறைய வேண்டும். ஆகவே மலிவான சீட் என்றால் காத்திருப்பு அதிகம். அந்த மலிவு உங்கள் நேரத்திலிருந்துதான் வருகிறது. டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்த விலையா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். ஆள் சேரவில்லையென்று கடைசி நேரத்தில் ட்ரிப்பை ரத்து செய்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். மாற்று வண்டி ஏற்பாடு செய்யாமல் முன்பணத்தை மட்டும் திருப்பித் தருவோம் என்றால், விமானம் பிடிக்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

காகித விஷயத்தைப் பலரும் பார்ப்பதில்லை. மஞ்சள் போர்டு டாக்ஸியின் பர்மிட் கான்ட்ராக்ட் கேரேஜ். மொத்த வண்டியையும் ஒரு தரப்புக்கு வாடகைக்கு விடுவதற்கானது. பஸ் மாதிரி ஆளுக்கு ஆள் டிக்கெட் போட்டு வழியில் ஏற்றி இறக்க அதில் அனுமதி இல்லை. ஷேர் வண்டிகள் ஓடுவது இந்த இடுக்கில்தான். செக்போஸ்டில் நிறுத்திக் கேட்டால் நேரம் போகும் என்பதால் ட்ரிப் ஷீட் என்கிற பயணப் பதிவுத் தாளில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்துக்குள் நுழைய அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருந்தால் அத்திப்பள்ளியில் நிற்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் அங்கே வரி கட்டும் வேலை ஒன்று சேரும். வெள்ளை போர்டு சொந்த வண்டியில் சீட் போட்டுக் கூப்பிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏறாதீர்கள். விபத்து நடந்தால் வாடகைக்கு ஓட்டினார்கள் என்பதைக் காட்டியே இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க இடம் இருக்கிறது.

ஷேர் வண்டி ஒத்துவராதவர்களுக்கு மாற்று உண்டு. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பெங்களூருக்கு இரவு பகலாக பஸ் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் விமான நிலையத்துக்கு விடும் வாயு வஜ்ரா ஏசி பஸ் கே.ஐ.ஏ.-8, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை போனால் கே.ஐ.ஏ.-9. தாழ்தளப் பேருந்து, உள்ளேயே பெட்டி வைக்கும் தட்டு உண்டு. ஒரு பெட்டிக்காரருக்கு இது போதும், செலவும் குறைவு. மாலைக்கு மேல் விமானம் என்றால் 2023 டிசம்பர் 30 முதல் ஓடும் கோவை – பெங்களூரு வந்தே பாரத் சேலம், தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு கன்டோன்மென்ட் ரயில் நிலையம் போகிறது, அங்கிருந்து டாக்ஸி. நெடுஞ்சாலை அடைப்பு, டிரைவர் தூக்கம் என்ற கவலை எதுவும் இல்லாத வழி இது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் நகரத்துக்குள் போக அது உதவும். விமான நிலையத்துக்கு நேராகப் போகாது.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ஷேர் வண்டிகள் பொதுவாக மலை ஏறி வந்து ஏற்றுவதில்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்று ஏறுவதே சுலபம். மலையிலிருந்து அஸ்தம்பட்டிக்கு ஒரு மணி நேரம் என்றாலும், மழைக்காலத்தில் இரண்டு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதைப் பார்த்தோம். அந்த மாதிரி நாள்களில் மாற்றுப் பாதையான குப்பனூர் வழியையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் விமானம் என்றால் முந்தைய நாளே இறங்கிச் சேலத்தில் தங்கிவிடுவது நல்லது. வளைவில் வாந்தி வருகிறவர்கள் மலை இறங்கிய உடனே ஷேர் வண்டியின் பின் வரிசையில் உட்கார வேண்டாம். தொப்பூர் வரும்போது மறுபடி புரட்டும்.

எந்த டெர்மினல் என்பதை டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் டெர்மினலிலிருந்து போகின்றன. இண்டிகோவில் உள்நாட்டுப் பயணம் முதல் டெர்மினல், வெளிநாட்டுப் பயணம் இரண்டாவது. கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் டிரைவர் தப்பான வாசலில் இறக்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவே இலவச பஸ் இருக்கிறது என்றாலும் கடைசி நேரத்தில் அதற்குக் காத்திருக்கும் பதற்றம் வேண்டாம்.

வந்திறங்கும்போது வாசலில் வண்டி காத்து நிற்காது. அங்கே அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள். டிரைவர் தள்ளி பார்க்கிங்கில் இருப்பார், எங்கே வந்து ஏறுவது என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு சிம்மோடு வருகிறவருக்கு ஏர்போர்ட் வைஃபை-க்கு ஓடிபி வராமல் போகலாம், அதனால் டிரைவர் எண்ணும் டிராவல்ஸ் எண்ணும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் இருக்கட்டும். இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் சேர்த்து விமானம் தரை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெட்டி கைக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள், முன்பே கூப்பிட்டால் அவர் வந்து சுற்றிவிட்டுத் திரும்பப் போக வேண்டியிருக்கும். நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

திரும்பும் வண்டியில் இறக்கும் வரிசை தலைகீழ்: முதலில் ஓமலூர், கருப்பூர், சூரமங்கலம், கடைசியில் சீலநாயக்கன்பட்டி. தெற்குப் பக்கத்துக்காரர்களும் நாமக்கல், ஆத்தூர் போகிறவர்களும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். குரங்குச்சாவடியிலோ புது பஸ் ஸ்டாண்டிலோ இறங்கினால் காலை ஆறு மணிக்கு ஆட்டோவும் பஸ்ஸும் தயாராக இருக்கும்.